மேகமும் எரியும்

"மேகத்தில் சேமித்துவிட்டேன், கவலையில்லை" என்கிறோம். அந்த மேகம் உண்மையில் ஒரு கட்டடம்; உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் 2021 மார்ச் 10ஆம் தேதி தீக்கிரையானது. யாருக்கும் காயமில்லை. ஆனால் இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் முடங்கின. ‘ரஸ்ட்’ என்ற கணினி விளையாட்டின் ஐரோப்பியச் சர்வர்கள் பலவற்றில் இருந்த தரவு திரும்பவே இல்லை. நகல் எடுத்து வைத்திருந்தவர்களிலும் சிலர் தப்பவில்லை. நகல் இருந்ததும் அதே வளாகத்தில்தான்!

இணையத்தளத்துக்கு இடம் வாடகைக்கு எடுப்போர் விலையையும் வேகத்தையும் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, நகல் எந்த ஊரில் இருக்கிறது என்பதைத்தான். உங்கள் பள்ளி இடுபணிக்கும் இதே கேள்விதான். கைப்பேசியில் அழித்த கோப்பு மேகத்திலும் மறைந்துவிட்டால், அங்கே இருந்தது நகலே அல்ல.