மூன்று வீதிதானே! மோட்டார் பூட்டிய சைக்கிளும் நமது பாதுகாப்பும்

நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் வாப்பா உம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சாச்சி வீட்டுக்குப் புறப்பட்டார். சாச்சி வீடு மூன்று வீதி தள்ளித்தான் இருக்கிறது. தலைக்கவசங்கள் இரண்டும் அலுமாரியின் மேல் இருந்தன. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். “மூன்று வீதிதானே மகள்” என்றார் வாப்பா.

இரண்டாவது வீதி முடிவதற்குள் உம்மாவின் அபாயா பின்சில்லில் சுற்றிக்கொண்டது. ஒருபக்கமாகக் கால் போட்டு அமர்ந்திருந்த உம்மா பின்புறமாக இழுபட்டு விழுந்தார். வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை. காறை எலும்பு முறிந்தது. தலை கொங்கிறீட்டில் படாமல் ஓரத்து மணலில் பட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவின் கை கட்டில் இருந்த அந்த நாட்களில்தான் தம்பி தனக்கு மின்சார சைக்கிள் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தொடங்கினான். அவனுக்கு வயது 15. “அது சைக்கிள்தானே, லைசன்சும் தேவல்ல, ஹெல்மெட்டும் தேவல்ல” என்றான். வாப்பாவும் பாதி சம்மதித்துவிட்டார். நான் மறுத்தபோது தம்பி ஒரு வார்த்தை கேட்டான்: “நீங்களும் ஓடினீங்கதானே ராத்தா?”

உண்மைதான். சாதாரண தரப் பரீட்சை விடுமுறையில் வாப்பாவின் ஸ்கூட்டியில் நானே கிளாசுக்குப் போயிருக்கிறேன். அப்போது எனக்கு 16 வயது. அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடத் தொடங்கினேன். நான் அறிந்துகொண்டவற்றை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

எது சைக்கிள், எது மோட்டார் வாகனம்?

நமது நாட்டில் வீதிப் போக்குவரத்தை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ஆகும். வீதியில் பாவிப்பதற்காகச் செய்யப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட, இயந்திர சக்தியால் ஓடும் வாகனத்தை அச்சட்டம் மோட்டார் வாகனம் என்கிறது. “மாற்றியமைக்கப்பட்ட” என்ற சொல்லைக் கவனியுங்கள். மிதிசைக்கிளுக்கு ஒரு சிறிய இயந்திரத்தைப் பூட்டி, காலால் மிதிக்காமல் கைப்பிடியைத் திருகி ஓட்டினால், அது பழைய சைக்கிள் அல்ல. பெற்றோலில் ஓடினாலும் மின்கலத்தில் ஓடினாலும் அதை ஓட்டுவது இயந்திரம்தான்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசைகளில் காத்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் வண்டிகள்மீது பலருக்கும் விருப்பம் வந்தது அப்போதுதான். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதற்குப் பதிவுச் சான்றிதழும் இலக்கத் தகடும் இருக்கிறதா?” பதிவு தேவையில்லை என்று விற்பவர் சொன்னால், காசு கொடுப்பதற்கு முன்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விற்றவர் வீதிச் சோதனையில் நம்முடன் வந்து நிற்கமாட்டார்.

தம்பி பார்த்த வீடியோக்கள் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. அங்கே 50 சீசீக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதில் அனுமதிப்பத்திரம் பெறலாம். 250 வாற்றுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டாத மின்சார வண்டிகளுக்குச் சலுகையும் உண்டு. ஐரோப்பிய நாடுகளிலும் மிதிக்கும்போது மட்டும் உதவும், இதே அளவிலான மோட்டார் உள்ள சைக்கிளை சைக்கிளாகவே கணிக்கிறார்கள். இவை அந்தந்த நாட்டு விதிகள். மொழி நமக்கு விளங்குகிறது என்பதற்காக அந்தச் சட்டம் நமது சட்டம் ஆகிவிடாது.

வயதும் அனுமதிப்பத்திரமும்

இலங்கையில் மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். 100 சீசீ வரையுள்ள இலகுரக மோட்டார் சைக்கிளுக்கு ‘ஏ1’ வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ‘ஏ’ வகுப்பு. ஆகவே “50 சீசீதானே, லைசன்ஸ் வேண்டாம்” என்ற ஊர்ப்பேச்சுக்கு இடமில்லை.

முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும். பின்னர் எழுத்துப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் ‘எல்’ பலகை தெரிய வேண்டும். இறுதியாகச் செயன்முறைப் பரீட்சை. வண்டிக்கும் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் கட்டாயம்.

பெற்றோர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை ஓட்டினால் பிள்ளை மட்டும் குற்றவாளி அல்ல; ஓட்ட அனுமதித்தவரும் குற்றம் புரிந்தவரே. காப்புறுதி ஒப்பந்தங்களும் பொதுவாக அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஓட்டவேண்டும் என்று நிபந்தனை இடுகின்றன. நமது பிள்ளை இன்னொருவர் வீட்டுப் பிள்ளையில் மோதினால், அந்தச் செலவையும் துயரத்தையும் யார் சுமப்பது? இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாப்பா மௌனமானார்.

வேகத்தின் கணக்கு

பௌதிகவியல் பாடத்தில் படிக்கும் இயக்கச் சமன்பாடு வீதியிலும் உண்மைதான். மணிக்கு 25 கிலோமீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 7 மீற்றர். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு செக்கன் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 7 மீற்றர் ஓடிவிடும். ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் குறைந்தால் நிற்பதற்கு இன்னும் 5 மீற்றர். மொத்தம் 12 மீற்றர்.

வேகம் 50 ஆனால் என்ன நடக்கும்? இரு மடங்காக 24 மீற்றர் என்றுதான் நினைப்போம். ஆனால் ஒரு செக்கனில் ஓடும் தூரம் 14 மீற்றர், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ 19 மீற்றர். மொத்தம் 33 மீற்றர். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. மணல் படிந்த இடத்திலும் மாரி மழையிலும் இன்னும் நீளும். குடியிருப்புப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 50 என்று சட்டம் எல்லை வைத்தாலும், பாடசாலை விடும் நேரத்துக் குறுக்கு வீதிக்கு அதுவே மிக அதிகம்.

தலைக்கவசமும் முந்தானையும்

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிவது சட்டம். சரியாக அணிந்த தலைக்கவசம் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. விழும்போது உள்ளே இருக்கும் நுரைப்பகுதி நசிந்து, தலைக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை அடிவாங்கிய தலைக்கவசத்தை மீண்டும் பாவிக்கக்கூடாது என்பது இதனால்தான். பட்டியைப் பூட்டாமல் அணிந்தால் விழும் முன்பே அது கழன்று பறந்துவிடும்.

ஹிஜாப் அணியும் நாம் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் மெல்லிய பருத்தித் துணி போதும். பின்பக்கம் உயர்த்திக் கட்டிய கொண்டை கவசத்தை மேலே தள்ளி நெற்றியைத் திறந்துவிடும். ஊசிகளைக் கழற்றிவிட வேண்டும். முந்தானையின் நுனியை உடைக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

அபாயாவின் விடயம் உம்மா படித்துத் தந்த பாடம். அகலமாக விரியும் அபாயாவைவிட நேராகத் தைத்தது பாதுகாப்பானது. உள்ளே தளர்வான காற்சட்டை அணிந்து, இருபக்கமும் கால்போட்டு, பாதங்களை மிதிதட்டில் ஊன்றி அமர்வதே உறுதியானது. ஒருபக்கமாக அமர்ந்தே ஆகவேண்டும் என்றால் சில்லுக்குப் பாதுகாப்புக் கம்பி பூட்டுங்கள். ஏறியதும் துணியை மடியில் திரட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். குழந்தையை முன்னால் நிற்கவைப்பதும், மூவராகப் போவதும் நமது ஊர்களில் சாதாரணமாகிவிட்டன. முன்னால் நிற்கும் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

வீதியில் நினைவில் வைக்கவேண்டியவை

இடப்பக்கமாகச் செல்லுங்கள், முந்துவது வலப்பக்கத்தால். திரும்பும் முன் கண்ணாடியைப் பார்த்து, சமிக்ஞை போட்டு, ஒருமுறை தோளுக்கு மேலாகவும் பாருங்கள். மஞ்சள் கோட்டில் ஆட்கள் நின்றால் நிறுத்துங்கள். தொலைபேசியைக் கவசத்துக்குள் செருகிக் கதைக்காதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். மணலில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சறுக்கும். எமது கிழக்கு மாகாண வீதிகளில் அறுவடைக் காலத்தில் நெல் காயும், இரவில் மாடு படுத்திருக்கும். விளக்கு ஒளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் போங்கள். மின்சார வண்டிக்குச் சத்தம் குறைவு. காது மந்தமான முதியவருக்கும் விளையாடும் பிள்ளைக்கும் அது வருவது தெரியாது. அவர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கு வாப்பா இறுதியில் விளக்கும் மணியும் பூட்டிய ஒரு மிதிசைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு இன்னும் முழு மனதில்லை. ஓடியது பிழை என்று நான் அவனிடம் ஒத்துக்கொண்டேன். 18 ஆகும்வரை ஸ்கூட்டியைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். எனக்கு இன்னும் ஐந்து மாதம், அவனுக்கு மூன்று வருடம். கணக்கு நியாயமில்லை என்கிறான்.

ஸ்கூட்டியின் திறப்பு இப்போது அலுமாரியில் இல்லை. தலைக்கவசத்துக்குள்தான் கிடக்கிறது. அதைக் கையில் எடுக்காமல் வண்டியை இயக்க முடியாது. உம்மாதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். அன்பான பெற்றோரே, தோழிகளே, இதற்குச் செலவு எதுவுமில்லை. இன்றிரவே உங்கள் வீட்டிலும் திறப்பை அங்கே போட்டுவையுங்கள்.