நிலக்கரியும் உருக்கும் செய்த சமரசம்

பிரான்சும் ஜேர்மனியும் 1870 முதல் 1945 வரையில் மும்முறை போரிட்டன. வர்த்தகம் இல்லாமையால் அன்று. 1914 இற்கு முன்னரே பிரெஞ்சு லொரேனின் இரும்புத்தாதும் றூர் நிலக்கரியும் எல்லை கடந்துகொண்டுதானிருந்தன. கொடுக்கல் வாங்கலே பகை தீர்க்கும் என்போர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

1950 மே 9 இல் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ரொபேர் சூமன் முன்வைத்த திட்டம் வேறுவகையானது. இரு நாடுகளினதும் நிலக்கரி, உருக்கு உற்பத்தியைப் பொதுவான உயர் அதிகாரசபை ஒன்றின்கீழ் வைப்பதே அதன் சாரம். பீரங்கிக்கான உருக்கை அயலவர் அறியாது குவித்தல் இனி அரிது. 1951 இல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பமிட்டன.

சார் நிலக்கரிப் பிரதேசமே கடுஞ்சோதனையாயிற்று. போரின்பின் பிரான்சின் பொருளாதாரப் பிடியிலிருந்த அப்பிரதேச மக்கள், தமக்கென வகுக்கப்பட்ட தனி அந்தஸ்தை 1955 ஒக்ரோபரில் வாக்களித்து நிராகரித்தனர். பாரிஸ் அதனை ஏற்றது. 1957 ஜனவரியில் சார் மேற்கு ஜேர்மனியுடன் இணைந்தது. ஈடாக, லொரேன் உருக்காலைகள் வேண்டிநின்ற மோசெல் நதிக் கப்பற்பாதைக்கு மேற்கு ஜேர்மனி இசைந்தது. 1964 இல் அப்பாதை திறக்கப்பட்டது.