நூற்றுக்கு நூறு யாருடைய கணக்கு?

மே மாதம் வந்துவிட்டால் போதும். தேர்வு முடிவு வெளியான மறுநாளே பள்ளிக்கூட வாசல்களிலே "நூற்றுக்கு நூறு" என்று துணிப்பதாகை ஆடும். "தனியார் பள்ளியிலே எல்லோரும் தேறிவிட்டார்கள். நம் அரசாங்கப் பள்ளியிலே இத்தனை பேர் தவறிவிட்டார்களே!" என்று டீக்கடைப் பெஞ்சிலே தோழர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நாம் மதிக்கிறோம். அந்தக் கணக்கை ஒப்ப மறுக்கிறோம்.

கணக்கு புதிதல்ல. 1862-ம் ஆண்டிலே இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஏழைகளின் பள்ளிகளுக்கு ஒரு விதி வகுத்தார். ஆண்டுக்கொருமுறை ஆய்வாளர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒன்றிலே தவறினால் பள்ளியின் உதவிப்பணத்திலே இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு! ஆசிரியரின் அடுப்பு எரிவதே அந்தப் பணத்திலே என்றால் என்ன நடக்கும்? வரலாறும் பூகோளமும் மூலைக்குப் போயின. வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். தாமே ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதை வன்மையாக எதிர்த்தார். அந்த ஏற்பாடு கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கிலாந்திலே 1890-களில் அதைக் கைவிட்டார்கள்.

கைவிட்டதை அமெரிக்கா வேறு உருவிலே எடுத்தது. 2002-லே அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு. 2014-க்குள் அத்தனை பிள்ளைகளும் தேறியாக வேண்டும். தேறாத பள்ளிக்குத் தண்டனை. கறுப்பர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் எங்கே பின்தங்குகிறார்கள் என்று தனித்தனியே காட்டச் சொன்னதும் அதே சட்டந்தான். அது நல்லதே. ஆனால் ஒரு கையிலே கணக்கும் மறு கையிலே சாட்டையுமாக வந்தது! அட்லாண்டா நகரிலே ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-லே மோசடி என்று 2011-லே விசாரணை சொல்லிற்று. ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்தியிருந்தார்கள். 2015-லே பதினொரு பேர் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு முடிவிலே சட்டமும் மாறிற்று. குற்றம் செய்தவர்களுக்காக நாம் வாதாடவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் "தேறினாய்" என்று காகிதம் கிடைத்தது. அதனாலே, கிடைத்திருக்க வேண்டிய தனிப்பாடமும் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

இங்கே வருவோம். பழைய தறியைத் தந்துவிட்டுப் புதுத் தறியின் உற்பத்தியைக் கேட்கும் முதலாளியைத் தோழர்கள் அறிவார்கள். சேர்க்கும்போதே வடிகட்டும் பள்ளியும், வந்த பிள்ளையை வாவென்று சேர்க்கும் பள்ளியும் ஒரே தராசிலா? ஒன்பதாம் வகுப்பிலே திணறும் பையனின் தகப்பனாரை அழைத்து, "வேறு இடம் பாருங்கள்" என்று சான்றிதழைக் கையிலே கொடுக்கிறார்களே, அவன் எங்கே போகிறான்? அரசாங்கப் பள்ளிக்குத்தான். அங்கே அவன் தவறினால் பழி அந்தப் பள்ளிக்கு. அவனை அனுப்பிய பள்ளிக்கோ பதாகை!

ஆசிரியரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதல்ல நம் வாதம். வகுப்புக்கு வராத ஆசிரியரைப் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களையும் சேர்த்துக் கேட்கட்டும். அடுத்த மே மாதம் பதாகை கட்டுகிறவர்கள், ஒன்பதாம் வகுப்பிலே எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வெழுத எத்தனை பேரை விட்டுவைத்தார்கள் என்ற இரண்டு எண்களையும் அதே துணியிலே எழுதட்டும்.