மரக் கட்டிடம் ஓகே... அந்த மரம் எந்தக் காட்டோடது?

போன எபிசோட்ல மரத்தால கட்டின உயரமான கட்டிடங்களைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "சிமெண்டைக் குறைக்கிறேன்னு சொல்லிக் காட்டை வெட்டினா, அது என்ன சூழல் அக்கறை?" நியாயமான கேள்வி. அந்த மரம் எங்கிருந்து வந்ததுங்கிறதைப் பொறுத்துதான் இதுக்குப் பதில் சொல்ல முடியும். ஆனா 'எங்கிருந்து வந்தது'ன்னு உறுதியாச் சொல்றது இருக்கே, அது ஆபீஸ்ல நாங்க டேட்டாவை வச்சுக்கிட்டு தினமும் மண்டையை உடைச்சுக்கிற அதே பிரச்சினை. அதனால ஒரு முழு எபிசோடே போட்டுட்டேன்.

முதல்ல கணக்கு. காய்ந்த மரத்தோட எடையில ஏறக்குறைய பாதி கார்பன். ஐரோப்பாவுல கட்டிடங்களுக்கு அதிகம் பயன்படுத்துற ஸ்ப்ரூஸ் மரத்துல ஒரு கன மீட்டர் எடுத்துக்கலாம். ஈரம் போக 420 கிலோன்னு வச்சுப்போம். அதுல 210 கிலோ கார்பன். காத்துல கார்பன் டை ஆக்சைடா இருந்தப்போ அதோட எடை இதைப்போல 3.67 மடங்கு. ஆக, ஒரு கன மீட்டர் உத்தரத்துக்குள்ள கிட்டத்தட்ட 770 கிலோ கார்பன் டை ஆக்சைடு அடைஞ்சு கிடக்கு. மரக் கட்டிடக்காரங்க பெருமையாச் சொல்ற எண் இதுதான்.

இந்த எண் பொய் இல்லை. ஆனா அது உத்தரத்தோட கணக்கு மட்டும்தான், காட்டோட கணக்கு இல்லை. வெட்டின மரத்தை மில்லுல அறுத்தா, பலகையா வெளிய வர்றது ஏறக்குறைய பாதிதான். மிச்சமெல்லாம் பட்டை, சிராய், மரத்தூள். கிளையும் வேரும் காட்டுலயே கிடந்து மக்கும். வெட்டின இடத்துல திரும்பக் காடு வளர்ந்தாத்தான் இந்தக் கணக்கு நேராகும், அதுக்கும் பல பத்தாண்டுகள் ஆகும். வளரலைன்னா, இல்ல நூத்தி ஐம்பது வருஷத்துக் காட்டை அழிச்சு எடுத்ததுன்னா, அந்த 770 கிலோ கிரெடிட் கார்டுல வாங்கின பொருள் மாதிரி. கையில பொருள் இருக்கும், பில் பின்னாடி வரும்.

சுலபமான உதாரணம் ஒண்ணு சொல்றேன். நார்வேயில புருமுன்டால்ங்கிற ஊர்ல மியோஸ்டோர்னெட்னு ஒரு கட்டிடம். 2019-ல கட்டி முடிச்சாங்க. 18 மாடி, 85.4 மீட்டர் உயரம். அதைத் தாங்கி நிக்கிற பசைத்து ஒட்டின மர உத்தரங்களைத் தயாரிச்ச ஃபேக்டரி பக்கத்து ஊர்ல, மூல்வ்ல இருக்கு. சுத்தி ஸ்ப்ரூஸ் காடு. காட்டுக்கும் கட்டிடத்துக்கும் நடுவுல கை மாறுறது ரொம்பக் கம்மி. யாராவது சந்தேகப்பட்டா, கார் எடுத்துட்டுப் போய் நேர்ல பார்த்துடலாம்.

உலகத்துல பெரும்பாலான மரத்துக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அதுக்கு ருமேனியாவைப் பார்க்கணும்.

ருமேனியாவோட கார்பாத்தியன் மலையில, ஐரோப்பாவுல மிச்சமிருக்கிற ரொம்பப் பழமையான காடுகள் இருக்கு. கரடி, ஓநாய், லின்க்ஸ் எல்லாம் உலாத்துற இடம். அந்த ஊர் தேசிய வனக் கணக்கெடுப்போட எண்களை வச்சு 2019-ல ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. வருஷத்துக்குச் சுமார் 38 மில்லியன் கன மீட்டர் மரம் காட்டை விட்டுப் போகுது. ஆனா சட்டப்படி வெட்டினதா பதிவானது 18 மில்லியன் சொச்சம்தான். இடைவெளி அவ்வளவு பெருசா இருக்குமா, அளக்கிற முறை சரியான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை நடக்குது. ஆனா அதே 2019-ல, சில வாரங்கள் இடைவெளியில ரெண்டு வனக் காவலர்கள் கொல்லப்பட்டாங்க. நவம்பர்ல புக்காரெஸ்ட் தெருவுல ஆயிரக்கணக்கான பேர் இறங்கிப் போராடினாங்க. எக்செல் ஷீட்ல வர்ற வித்தியாசத்துக்காக யாரும் ஆளைக் கொல்ல மாட்டாங்க, இல்லையா?

திருட்டு எப்படி நடக்கும்? ராத்திரி கோடாலியோட ஒருத்தன் ஒளிஞ்சு போற காட்சி உங்க மனசுல ஓடலாம். பெரிய திருட்டு பெரும்பாலும் பட்டப்பகல்ல, ரசீதோட நடக்குது.

அங்க மரம் ஏத்துற ஒவ்வொரு லாரிக்கும் அனுமதிச் சீட்டு வேணும். அந்தச் சீட்டு சில மணி நேரத்துக்குச் செல்லும். டிரைவர் ஒரு லோடு இறக்கிட்டு, அதே சீட்டை வச்சுக்கிட்டு ரெண்டாவது லோடு எடுத்தா? வழியில நிறுத்திக் கேட்டாலும் சீட்டு சரியாத்தான் இருக்கும். நம்ம ஆட்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். இது அப்பட்டமான ரீப்ளே அட்டாக்! ஒரு டோக்கனை ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னு சிஸ்டம் கட்டாயப்படுத்தலைன்னா, யாராவது நிச்சயம் ரெண்டு தடவை பயன்படுத்துவாங்க.

அவங்க இதைச் சரி பண்ணப் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாடு முழுக்க மரத்தைக் கண்காணிக்க 'சுமால்'னு ஒரு மென்பொருள் இருக்கு. ரோட்டுல மர லாரியைப் பார்த்தா, பொதுஜனம் யார் வேணா 112-க்குப் போன் பண்ணி நம்பர் பிளேட்டைச் சொல்லி, அதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்கலாம்னு கொண்டுவந்தாங்க. அப்புறம் அதுக்கு ஒரு ஆப் வந்துச்சு. 2021-ல வந்த புது வெர்ஷன்ல, லோடு ஏத்தினதும் லாரியைப் போட்டோ எடுத்து அப்லோட் பண்ணணும், ஜிபிஎஸ் ஓடணும். ஒரே சீட்டுல ரெண்டு ட்ரிப் அடிக்கிறது கஷ்டமாயிடுச்சு.

ஆனா கேமரா லாரியைத்தான் பார்க்கும், வெட்டின அடிமரத்தைப் பார்க்காது. அங்க வெட்டுறதுக்கு முன்னாடி வனத்துறை ஆள் காட்டுக்குப் போய், வெட்ட வேண்டிய மரங்கள்ல சுத்தியலால முத்திரை அடிச்சு, இவ்வளவு கன மீட்டர் வரும்னு மதிப்பிட்டு எழுதுவார். அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் குறைச்சு எழுதினாப் போதும். மிச்ச மரம் எல்லாம் சுத்தமான பேப்பரோட வெளிய வந்துடும். இல்ல, நல்ல மரத்தை 'நோய் வந்த மரம்'னு எழுதிடலாம். அதுக்குப் பின்னாடி ஜிபிஎஸ், போட்டோ, பிளாக்செயின்னு எதை மாட்டினாலும், அந்த முதல் பொய்யைத்தான் பத்திரமா ரெக்கார்டு பண்ணி வைக்கும். பிளாக்செயின்ல மரத்தை டிராக் பண்றோம்னு ஸ்டார்ட்அப் பிட்ச் வர்றப்பல்லாம் நான் இதைத்தான் கேட்பேன்: முதல் என்ட்ரியைப் போடுறது யாரு?

இதுல பெரிய கம்பெனிக்கு என்ன பங்கு? 2015-ல என்விரான்மென்டல் இன்வெஸ்டிகேஷன் ஏஜென்சிங்கிற அமைப்பு, ருமேனியாவுல பெரிய மில்களை நடத்தின ஆஸ்திரிய நிறுவனம் ஷ்வைக்ஹோஃபர் பத்தி ரகசிய வீடியோ வெளியிட்டது. அனுமதிக்கு மேல வெட்டின மரத்தையும் வாங்கிக்கத் தயார்ங்கிற மாதிரி அந்த அதிகாரிகள் பேசினாங்கங்கிறது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. ஆனா எஃப்எஸ்சி, அதான் உங்க நோட்டுப் புத்தகத்துலயும் ஜூஸ் டப்பாவுலயும் மரமும் டிக் மார்க்கும் சேர்ந்த லோகோ வருமே, அவங்க விசாரிச்சு 2017-ல அந்தக் கம்பெனியோட உறவை முறிச்சுக்கிட்டாங்க. அந்த மரம் ஜப்பான் வரைக்கும் போய் வீடு கட்டப் பயன்பட்டிருக்கு. டோக்கியோ பக்கத்துல மர வீடு வாங்கின ஒரு தம்பதிக்குக் கார்பாத்தியன் கரடியைப் பத்தி என்ன தெரிஞ்சிருக்கப் போகுது?

அதே கம்பெனி 2017-ல, தன் மில்லுக்கு வர்ற லாரிகளோட ஜிபிஎஸ் பாதையையும் போட்டோவையும் ஒரு இணையதளத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிட ஆரம்பிச்சது. மாட்டினதுக்கு அப்புறம் செஞ்சதுதான், இருந்தாலும் செஞ்சாங்க. என்னைக் கேட்டா, ஒரு லேபிளைவிட இந்த மாதிரி திறந்த டேட்டாவை நான் அதிகம் நம்புவேன். லேபிளை ஆடிட்டர் சில நாள் வந்து பார்த்துட்டுப் போவார். திறந்த டேட்டாவை, கோபமா இருக்கிற உள்ளூர் ஆள் தினமும் பார்ப்பார்.

லேபிள் வேஸ்ட்னு சொல்ல வரலை. அது என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். எஃப்எஸ்சியில மூணு வகை இருக்கு. '100%'னு போட்டிருந்தா, முழுசும் சான்றிதழ் வாங்கின காட்டு மரம். 'ரீசைக்கிள்டு' புரியும். நடுவுல இருக்கிற 'மிக்ஸ்'தான் கவனிக்க வேண்டியது. அதுல கிரெடிட் முறை ஒண்ணு இருக்கு. பேங்க்ல 500 ரூபாய் போட்டுட்டு அப்புறம் ஏடிஎம்ல எடுத்தா, நீங்க போட்ட அதே நோட்டு வருமா? தொகைதான் சரியா இருக்கும். அதே மாதிரி, சான்றிதழ் மரம் எவ்வளவு உள்ள வந்ததோ, அதுக்கு ஈடான அளவுக்குத்தான் மில் லேபிள் போட்டு விக்கலாம். ஆனா உங்க கைக்கு வந்த அந்தப் பலகை, சான்றிதழ் இல்லாத காட்டோடதா இருக்கலாம். அது திருட்டு மரமா இருக்கக் கூடாதுன்னு தனி விதி இருக்கு, ஆனா அந்தச் சோதனை கொஞ்சம் லேசு. மொத்த மார்க்கெட்டை மாத்த இந்த முறை உதவும். 'இந்த உத்தரம் எந்தக் காட்டோடது'ன்னு கேட்டா அதுகிட்ட பதில் இல்லை.

அதனாலதான் ஐரோப்பிய யூனியன் 2023-ல கொண்டுவந்த காடழிப்புச் சட்டம் வேற வழியில போகுது. மரம் வெட்டின நிலத்தோட ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளையே கொடுன்னு கேட்குது. செயற்கைக்கோள் படத்தோட ஒப்பிட்டுப் பார்த்துடலாம். எதிர்ப்பு பலமா இருக்கு, அமலுக்கு வர்ற தேதி தள்ளிக்கிட்டே போகுது. தள்ளிப் போறதைப் பார்த்தாலே, அது சரியான இடத்துல கையை வச்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க யாரும் 18 மாடி மரக் கட்டிடம் கட்டப் போறதில்லை. ஆனா வாசக்காலும் தலைவாசல் கதவும் தேக்குல வேணும்னு வீட்டுல ஒரு பெரியவங்களாவது நிப்பாங்க. கடைக்குப் போனா பர்மா தேக்கு, கானா தேக்கு, நைஜீரியா தேக்குன்னு விலைப்பட்டியல் வாசிப்பாங்க. கவனிச்சுப் பாருங்க, நாட்டோட பேரு அங்க தரத்தைக் குறிக்கிற பேராயிடுச்சு. 'பர்மா'ன்னா உசத்தி, அவ்வளவுதான். மியான்மர்ல 2021 ராணுவப் புரட்சிக்கு அப்புறம், அந்த நாட்டு அரசு மர நிறுவனத்து மேல அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் தடை போட்டாங்க. தேக்கு வித்த காசு ராணுவத்துக்குப் போகுதுங்கிறதுதான் காரணம். இந்தியாவுல அப்படித் தடை இல்லை. அதனால கடைக்காரர் சட்டத்தை மீறலை. ஆனா நீங்க கொடுக்கிற காசு யார்கிட்ட போய்ச் சேருதுங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

உள்ளூர் மரத்துக்கு வழி கொஞ்சம் சுலபம். மரத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வனத்துறை பாஸ் வேணுங்கிறது ரொம்ப நாளா இருக்கிற விதி. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியா இருந்த இதை ஒண்ணாக்கி, நாடு முழுக்கச் செல்லுற ஆன்லைன் பாஸை 2023 டிசம்பர்ல மத்திய அரசு தொடங்கினாங்க. கியூஆர் கோடு இருக்கும். சில மரங்களுக்கு, சில இடங்கள்ல விலக்கு உண்டு. தேக்கு வாங்குறப்போ ஜிஎஸ்டி பில்லோட அந்தப் பாஸோட நகலையும் கேளுங்க. இறக்குமதி மரம்னா எந்த நாடு, தோட்டத்து மரமா காட்டு மரமான்னு பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தரத் தயங்கினா, அதுவும் ஒரு பதில்தான்.

என் முதல் சாய்ஸ் என்னன்னு கேட்டா, பழைய மரம். காரைக்குடி பக்கம், இடிச்ச செட்டிநாட்டு வீடுகளோட பர்மா தேக்குத் தூணும் கதவும் விலைக்குக் கிடைக்குது. அதுக்காக இன்னொரு மரத்தை யாரும் வெட்டப் போறதில்லை. ஒரு விஷயம்: நல்லா இருக்கிற வீட்டை மரத்துக்காகவே இடிக்கிற வியாபாரமும் நடக்குது, அதனால எந்த வீட்டோடது, ஏன் இடிச்சாங்கன்னு அங்கயும் கேட்கணும். அறுக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, உள்ள ஆணி இருக்கான்னு ஆசாரியைப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு பழைய ஆணி போதும், ரம்பப் பல்லு போயிடும்.

அடுத்த வாரம் மூங்கில். அது புல்லா மரமான்னு நம்ம சட்டமே பல வருஷம் குழம்பின கதை, நிறைய இருக்கு பேச.