கச்சியிலிருந்து கடல் வழி – 6: கப்பல் நிற்கும் சில மணி நேரம்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் யாராவது கப்பலில் போய்வந்தேன் என்று சொன்னால், முதல் கேள்வி "சாப்பாடெல்லாம் எப்படி?" என்பதாக இருக்கும். அடுத்தது, "தலைக்கு எவ்வளவு ஆச்சு?" இறங்கிப் பார்த்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. போய்வந்தவர்களும் நீச்சல் குளத்தையும் மேடை நிகழ்ச்சியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். யாரும் கேட்காத அந்த ஊர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

சென்னையிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் 2023 ஜூன் 5 அன்று புறப்பட்டது. மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 'எம்பிரஸ்' என்ற அந்தக் கப்பல் 1990இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது. நீளம் 211 மீட்டர், பதினொரு தளங்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் அது தொடுவதாக அறிவிக்கப்பட்ட இலங்கைத் துறைகள்.

ஜூன் மாதத்தில் மும்பை இல்லாமல் ஏன் சென்னை என்ற கேள்விக்குக் காற்றுதான் பதில். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மும்பைப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் நம் கிழக்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். திருகோணமலைக்கும் அதுதான் நல்ல பருவம். பாய்மரக் காலத்திலும் காற்றைப் பார்த்துத்தான் கப்பல் எடுத்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் வங்கத்துத் தாமிரலிப்தியில் குளிர்காலக் காற்று வீசத் தொடங்கியதும் கப்பலேறி, பதினான்கு நாளில் இலங்கை போய்ச் சேர்ந்தார்.

காஞ்சிக்காரர்களான நாம் நம்மை உள்நாட்டு மக்களாகவே நினைத்துக்கொள்கிறோம். தறி, கோயில், ஏரிப் பாசனம் என்று நம் கணக்கு முடிந்துவிடுகிறது. கடல் மீனவருக்கு உரியது, கப்பல் பணக்காரருக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய அவருடைய சீடர் வேறு மாதிரி பார்த்திருக்கிறார். இலங்கைக்குப் போகத் தென்னாட்டின் கடல்வாயிலே காஞ்சிதான், அங்கிருந்து மூன்று நாள் நீர்வழி என்று அவர் குறித்திருக்கிறார். கடற்கரையிலிருந்து ஒரு நாளுக்கு மேல் நடக்க வேண்டிய ஊரை வெளிநாட்டார் துறைமுகமாகவே எண்ணினார்கள். யுவான் சுவாங்குக்கும் இலங்கை போகும் எண்ணம் இருந்தது. அங்கே அரசர் இறந்து, பஞ்சமும் வந்து, அங்கிருந்த துறவிகள் காஞ்சிக்கு வந்துவிட்டதைக் கேட்டுத்தான் பயணத்தைக் கைவிட்டார்.

அதே நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஒரு படையும் கடல் கடந்தது. இலங்கை இளவரசன் மானவர்மன் நாட்டை இழந்து நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். பல்லவனுக்காகப் போரிலும் நின்றான். பல்லவன் படை கொடுத்தனுப்பிய முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முறை நடந்ததை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அரசன் தங்களோடு வராவிட்டால் வீரர்கள் ஊக்கமாகப் போரிட மாட்டார்கள் என்று உணர்ந்த நரசிம்மன், தன் அணிகலன்களையும் அரச அடையாளங்களையும் மானவர்மனுக்கே அணிவித்துக் கப்பலேற்றினான். தங்கள் மன்னனே வருகிறான் என்று நம்பிப் படை கடல் கடந்தது. மானவர்மன் அனுராதபுரத்து அரியணையை மீட்டான். சென்னையிலிருந்து தெற்கே போகும் கப்பலில் ஏறுபவர், கடந்து போவது அந்த நரசிம்மனின் மாமல்லபுரத்துக் கரை என்று தெரிந்திருந்தால், கொஞ்ச நேரம் மேல்தளத்தில் நின்று மேற்கே பார்ப்பார். அங்கே குன்றின் மேலிருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலையே ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் கப்பல் மாமல்லபுரத்தில் நிற்பதில்லை. சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டைக்கும், 1620இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடிக்கும், இராசராசன் காலத்துச் சூடாமணி விகாரம் எழுந்த நாகப்பட்டினத்துக்கும் அதே கதைதான். பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும், பயணியர் முனையம் வேண்டும், அனுமதி வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து உள்நாட்டுப் பயணமாகப் புறப்பட்ட இதே கப்பல் புதுச்சேரி வரை போயும், கப்பலின் சூதாட்ட வசதிக்கு எழுந்த எதிர்ப்பால் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. சூதாட்டத்துக்கான எதிர்ப்பு நியாயமானதே. ஆனாலும் இத்தனை வரலாற்று ஊர்கள் வரிசையாக இருக்கும் கரையை நம் கப்பலே தாண்டிப் போவது எனக்கு வருத்தம்தான். சிறு கப்பல்கள் தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் வந்து போகும் நாள் வரவேண்டும்.

சரி, இறங்கும் ஊர்களுக்கு வருவோம். அம்பாந்தோட்டையில் துறைமுகம் பெரிது, ஊர் சிறிது. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன துறைமுகம் அது. அங்கே இறங்குபவர்கள் கதிர்காமம் போகலாம். முருகனுக்கு முன் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க அது ஒன்றே போதும்.

திருகோணமலைக்கு ஒரு பகல் போதாது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பதாலேயே அந்த ஊர் பட்டபாடு கொஞ்சமல்ல. தரங்கம்பாடிக்கு வந்த டேனியர் அதற்கு முன் கண்வைத்தது திருகோணமலை மீதுதான். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இத்தனைக்கும் நடுவில் கோணேசர் கோயில். சம்பந்தர் பதிகம் பெற்ற அந்தக் கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் பாண்டியர் கயல் பொறித்த கல்லை இன்னும் பார்க்கலாம். சிற்றுந்திலிருந்து இறங்காமல் நேராகக் கோயில் மலைக்குப் போய்விடுபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். தயவுசெய்து வாசலில் இறங்குங்கள்.

1950இல் கோயிலுக்கு அருகே கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் மைக் வில்சன் என்ற முக்குளிப்பாளர் மலையடியில் கடலுக்குள் கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டார். அவரோடு இருந்தவர் விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க். 1963இல் மறுபடி கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக வழிபாட்டை மனதில் வைத்திருந்து, கோயிலைத் திரும்ப எழுப்பிய மக்களின் ஊர் அது. கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் விளிம்பில் நின்று படம் எடுப்பதோடு இதை முடித்துக்கொள்வது நமக்கு நட்டம்.

காங்கேசன்துறையில் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் அடக்கத்தோடு இறங்கவேண்டும். 1990இல் அந்தப் பகுதி மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டு, ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. நிலங்கள் படிப்படியாகத்தான் விடுவிக்கப்பட்டன. யாழ்தேவி ரயில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது 2015 ஜனவரியில். வழியில் தெரியும் இடிந்த வீடுகள் பழைய காலச் சின்னங்கள் இல்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் பக்கத்து ஊரிலோ கனடாவிலோ இருக்கிறார்கள்.

பக்கத்திலேயே கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மாவிட்டபுரம். யாழ்ப்பாண நகரில் போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர் விரித்துக் கட்டிய ஐங்கோணக் கோட்டையும், 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த பொது நூலகமும் இருக்கின்றன. 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான இடம் அது. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நூலகத்துக்குப் போங்கள் என்பேன். கடலில் இன்னும் தள்ளி நயினாதீவு இருக்கிறது. மணிமேகலை போன மணிபல்லவம் அதுதான் என்று கருதுபவர்கள் பலர். அந்த மணிமேகலை கடைசியில் வந்து நின்ற ஊர் நம் காஞ்சி.

யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் மணமகளுக்குத் தாலி கட்டும்போது உடுத்தும் கூறைச்சேலைக்குக் காஞ்சிப் பட்டைத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வருகிறேன் என்று அங்கே சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும். வழிகாட்டியின் மனப்பாட உரையைவிட அது மேல்.

கப்பல் பயணத்தில் சாப்பாடும் தங்கலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். கரைச் சுற்றுலாவுக்கு மட்டும் தனியாகக் கட்டவேண்டும். அதனால் பலர் கப்பலிலேயே தங்கிவிடுகிறார்கள். காலையில் இறங்கி, குடிவரவுச் சோதனை முடித்து, மாலைக்குள் திரும்ப ஏறவேண்டும் என்பதால் கையில் கிடைப்பது சில மணி நேரமே. கப்பலில் செலவாகும் பணத்தில் கரையூருக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. நீங்கள் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்து, ஒரு கடையில் சாப்பிட்டு, ஓலைக் குட்டானில் பனங்கட்டி வாங்கினால்தான் கப்பல் வந்ததில் அந்த ஊருக்குப் பயன்.

சுற்றுலாக் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய அறுபது கடல் மைல், நான்கு மணி நேரப் பயணம். அதில் நீச்சல் குளமும் இல்லை, மேடையும் இல்லை. ஆனால் இறங்கினால் மாலையிலேயே திரும்ப ஏறவேண்டிய அவசரமும் இல்லை. யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கும் அப்படித் தங்கலாம்; அது ஆகஸ்டை ஒட்டி 25 நாள் நடக்கும். வானிலையால் பயணம் தள்ளிப்போவது உண்டு என்பதால் முன்கூட்டி விசாரித்து, கடவுச்சீட்டோடு கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

(தொடரும்)