எல்லாரும் பிஸி, எதுவும் முடியலை



போன எபிசோட் வெளியான மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பேசினவங்க மெல்போர்ன்ல இருக்காங்க. வயசு 24, ஒரு சாஃப்ட்வேர் டீம்ல முதல் வேலை. "அண்ணா, எனக்கு மூணு ப்ராஜெக்ட் கொடுத்திருக்காங்க. காலையில ஒண்ணைத் திறப்பேன், பத்து மணிக்கு அடுத்த டீம் கூப்பிடுவாங்க, மதியம் மூணாவது. ராத்திரி யோசிச்சுப் பாத்தா எதையுமே முடிச்ச மாதிரி இல்ல. மத்தவங்க எல்லாம் சமாளிக்கிறாங்க. நான்தான் ஸ்லோவா? இந்த வேலைக்கு நான் சரிப்பட மாட்டேனோ?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதையே என்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன். அப்போ நான் ரெண்டு ப்ராஜெக்ட்ல இருந்தேன், அது போக ராத்திரி ஆன்-கால் வேற. ஒரு நாள் பணம் திருப்பி அனுப்புற பகுதியில சின்ன மாற்றம் ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கும்போது அடுத்த ப்ராஜெக்ட்ல அவசரக் கூட்டம்னு கூப்பிட்டாங்க. போய்ட்டு வந்தேன். கடைசி டெஸ்ட்டை ஏற்கனவே ஓட்டிட்டேன்னு நினைச்சுக்கிட்டு அப்படியே அனுப்பிட்டேன். சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே பணம் ரெண்டு தடவை போயிடுச்சு. "ஏன் கவனிக்கலை?" அப்படின்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. நான் கவனக்குறைவான ஆள்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அதுல இருந்து வெளிய வர ஒரு வருஷம் ஆச்சு.

அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க அந்த வாய்ஸ் நோட்டுக்கான பதில்தான். முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாம்.

மூணு வேலை இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணுக்கும் சரியா 10 நாள் வேணும். ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா, முதல் வேலை 10-ஆம் நாள் முடியும், ரெண்டாவது 20-ஆம் நாள், மூணாவது 30-ஆம் நாள். இப்போ மூணு மேனேஜரையும் திருப்திப்படுத்தணும்னு ஒரு நாளைக்கு ஒண்ணா மாத்தி மாத்திச் செய்யுங்க. முதல் வேலை எப்போ முடியும்? 28-ஆம் நாள். அடுத்தது 29, கடைசி 30. மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு நாள் முன்னாடி கிடைக்கலை. ரெண்டு பேருக்குத் தாமதம்தான் ஆச்சு. இத்தனைக்கும் ஒரு வேலையில இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது ஒரு நிமிஷம்கூட வீணாகலைன்னு வெச்சுப் போட்ட கணக்கு இது. நீங்க ரோபோவா இருந்தாலும் விடை இதேதான்.

மூணு மேனேஜருமே சந்தோஷமா இருப்பாங்க, ஏன்னா மூணு பேரோட வேலையும் "நடந்துக்கிட்டிருக்கு". ஸ்டாண்ட்-அப்ல சொல்லவும் விஷயம் இருக்கும். அதனாலதான் இந்த நோய் வெளிய தெரியறதில்ல.

டீம்னு வரும்போது இன்னும் மோசம். முதல் வேலையில உங்களுக்கு ஒரு சந்தேகம் வருது, பக்கத்து ஆளைக் கேக்கணும். அவங்களுக்கும் மூணு ப்ராஜெக்ட். "இன்னைக்கு நான் அதுல இல்லப்பா, நாளன்னைக்குப் பாக்கறேன்" அப்படிங்கறாங்க. சும்மா உக்கார முடியுமா? நீங்க நாலாவதா ஒண்ணைத் தொடங்குறீங்க. நாளன்னைக்கு அவங்க பதிலோட வரும்போது நீங்க அந்த நாலாவதுல மூழ்கிக் கிடக்கறீங்க. இப்போ அவங்க உங்களுக்காகக் காத்திருக்கணும். காத்திருக்கற நேரத்துல அவங்களும் புதுசா ஒண்ணைத் தொடங்குறாங்க. காத்திருக்கறதால புது வேலை, புது வேலையால இன்னும் காத்திருப்பு. யாருமே சோம்பேறி இல்ல. ஆனா போர்டுல "நடந்துக்கிட்டிருக்கு" பத்தி மட்டும் நீண்டுக்கிட்டே போகும்.

இதுக்கு ஒரு சூத்திரமே இருக்கு. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்சது, லிட்டில் விதின்னு சொல்வாங்க. கோயில் கேன்டீன்ல தோசைக்கு நிக்கறதை நினைச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 2 தோசை வருது, வரிசையில 30 டோக்கன் இருக்கு. கடைசி ஆளுக்கு 15 நிமிஷம். மாமா ஒருத்தர் உள்ள போய் "இன்னொரு 30 டோக்கனை வாங்கி வெச்சுக்கோங்க, எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துக்கலாம்"னு சொன்னா தோசை வேகமா வராது. காத்திருக்கற நேரம் 30 நிமிஷமா ஆகும், அவ்வளவுதான். ஆபீஸ்ல அந்த மாமாதான் "இதையும் கொஞ்சம் பேரலலா பாத்துடுங்களேன்" அப்படிங்கறவர்.

சரி, நாம ரோபோ இல்லயே. மாறுறதுக்கும் ஒரு செலவு இருக்கு. சாஃப்ட்வேர் உலகத்துல ஜெரால்ட் வைன்பெர்க் கொடுத்த அட்டவணை ஒண்ணு ரொம்பப் பிரபலம். ரெண்டு ப்ராஜெக்ட்ல இருந்தா உங்க நேரத்துல 20 சதவீதம் மாறுறதுலயே போயிடும், மூணுல 40, அஞ்சுல 75 அப்படின்னு போகும். ப்ரெசென்டேஷன்ல எல்லாம் இதை ஆய்வு முடிவு மாதிரி போடுவாங்க. உண்மையில அது அவரோட அனுபவத்துல வந்த உத்தேசக் கணக்கு. அந்த எண்களை மேனேஜர்கிட்ட போய் அடிச்சுச் சொல்லாதீங்க.

ஆய்வுன்னா, ஸோஃபி லெராய் 2009-ல வெளியிட்டதைச் சொல்லலாம். ஆட்களுக்கு முதல்ல ஒரு சொல் புதிர் கொடுத்தாங்க. பிறகு அதை விட்டுட்டு, வேலைக்கு விண்ணப்பிச்சவங்களோட பயோடேட்டாவைப் படிச்சு மதிப்பிடச் சொன்னாங்க. புதிரைப் பாதியில விட்டவங்களோட மனசு அதுலயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு, ரெண்டாவது வேலையை அவங்க சுமாராத்தான் செஞ்சாங்க. லெராய் இதை கவனத்தோட மிச்சம்னு சொல்றாங்க. பாத்திரத்தைக் கழுவாம அடுத்த குழம்பை அதுலயே வெச்ச மாதிரி.

இதுக்கு எதிர்ப்பக்கம் போல தெரியற ஆய்வும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். குளோரியா மார்க்கும் கூட இருந்தவங்களும் 2008-ல வெளியிட்டது. மெயில்களுக்குப் பதில் எழுதற வேலையில இடையூறு செஞ்சா என்ன ஆகும்னு பாத்தாங்க. இடையூறு வந்தவங்க வேலையை இன்னும் *வேகமா* முடிச்சாங்க! ஆனா பதில்களைச் சுருக்கமா எழுதினாங்க, மன அழுத்தமும் எரிச்சலும் அவங்களுக்கு அதிகமா இருந்துச்சு. "மத்தவங்க எல்லாம் சமாளிக்கிறாங்க"ன்னு அந்த வாய்ஸ் நோட்ல வந்துச்சே, அந்தச் சமாளிப்பு இப்படித்தான் இருக்கும். வெளிய இருந்து பாத்தா வேகம். அவங்க ராத்திரி எப்படித் தூங்குறாங்கன்னு நமக்குத் தெரியாது.

மெயில்ல ரெண்டு வரி குறைஞ்சா பரவாயில்ல. தரம் உயிரோட சம்பந்தப்பட்ட இடத்துல என்ன ஆகும்? நம்ம வீடுகள்ல ஒரு சித்தியோ அத்தையோ நர்ஸா இருப்பாங்க, அவங்களைக் கேளுங்க. 2010-ல வெளியான ஒரு ஆய்வுக்காக, சிட்னியில ரெண்டு மருத்துவமனைகள்ல 98 நர்ஸுகள் மருந்து கொடுக்கறதைக் கூடவே இருந்து கவனிச்சாங்க. மொத்தம் 4,271 தடவை. பாதிக்கு மேற்பட்ட தடவை நடுவுல யாரோ குறுக்கிட்டிருக்காங்க. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறுகள் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடியிருக்கு. நாலு தடவை குறுக்கிட்டா, நோயாளியைப் பாதிக்கக்கூடிய பெரிய தவறு நடக்கற வாய்ப்பு ரெண்டு மடங்கு. அனுபவம் உள்ள நர்ஸா இருந்தாலும் குறுக்கீட்டால வர்ற பாதிப்புல இருந்து தப்பிக்க முடியலை. ரெண்டு தடவை பணம் அனுப்பின என் கதையை இந்த ஆய்வைப் படிச்ச பிறகுதான் நான் வேற மாதிரி பாக்கத் தொடங்கினேன்.

இதைப் பத்தி வீட்டுல பேசினா அம்மா சிரிக்கறாங்க. "நான் ஒரே நேரத்துல குக்கர், ரசம், போன்ல உங்க பெரியம்மா, எல்லாத்தையும் பாக்கலையா?" பாக்கறாங்க, சரிதான். ஆனா குக்கர் அதுபாட்டுக்கு வேகுது, மூணு விசில் வர்ற வரைக்கும் அது அம்மாவை எதுவும் கேக்காது. கோட் அப்படித் தானா வேகாது. அப்பா உடனே சதாவதானிகளை இழுத்தார். செய்குத்தம்பி பாவலர் 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல நூறு விஷயங்கள்ல ஒரே நேரத்துல கவனம் வெச்சுக் காட்டினவர். அதுவும் உண்மைதான். ஆனா அவர் பல வருஷம் பயிற்சி எடுத்தது அந்த ஒரு கலைக்குத்தான், மேடையில இருக்கும்போது அவருக்கு வேற வேலை எதுவும் கிடையாது. (அவதானம்னாலே கவனம்தான். இலங்கைத் தமிழ்ல எச்சரிக்கைப் பலகையிலகூட "அவதானம்"னு எழுதியிருப்பாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்.)

இப்போ, இதை ஒரு டீம் நிஜமாவே சரிபண்ணின கதை. மைக்ரோசாஃப்ட்டோட உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரிக்கறதுக்கு 2004-ல ஹைதராபாத்ல ஒரு சின்ன டீம் இருந்துச்சு. மூணு டெவலப்பர், மூணு டெஸ்டர், அங்கேயே ஒரு மேனேஜர். அமெரிக்காவுல ரெட்மண்ட்ல இருந்து வேலை வரும். 80-க்கு மேற்பட்ட கோரிக்கைகள் நிலுவை. ஒரு மாற்றம் கேட்டா கைக்கு வர சுமார் 5 மாசம். அந்தப் பிரிவுலயே ரொம்ப மோசமான டீம்னு பேர் வாங்கியிருந்தாங்க. இத்தனைக்கும் அவங்க செய்முறையில குறை சொல்ல ஒண்ணும் இல்ல, தரச் சான்றிதழ்ல உச்ச நிலையில இருந்த நிறுவனத்தோட ஆட்கள்.

ட்ராகோஷ் டுமிட்ரியுங்கற மேனேஜர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டார், டேவிட் ஆண்டர்சன் ஆலோசனை சொன்னார். ரெண்டு பேரும் வேலை எப்படிப் போகுதுன்னு உக்காந்து பாத்தாங்க. விஷயம் இதுதான்: புதுசா ஒரு கோரிக்கை வந்தா, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு 48 மணி நேரத்துல மதிப்பீடு சொல்லியாகணும்னு விதி. அதனால ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டு, பழைய கோடைத் தோண்டி, கணக்குப் போட்டு அனுப்புவாங்க. ஒரு மதிப்பீட்டுக்கு ஆளுக்கு ஒரு நாள் மாதிரி போயிடும். டீமோட மொத்த சக்தியில மூணுல ஒரு பங்குக்கு மேல இதுலயே கரைஞ்சுச்சு. அப்படி மதிப்பிட்டதுல ஏகப்பட்டது கடைசி வரைக்கும் செய்யப்படவே இல்லங்கறது அடுத்த வேதனை. அஞ்சு மாசம் ஆகும்னா யாரும் நம்பாம இன்னும் நிறைய கேப்பாங்க, நிறைய கேட்டா நிறைய மதிப்பீடு, அதனால இன்னும் தாமதம்.

மதிப்பீட்டை நிறுத்தினாங்க. டெவலப்பர் கையில எத்தனை வேலை, அவங்களுக்கு முன்னாடி வரிசையில எத்தனைன்னு ஒரு வரம்பு வெச்சாங்க. இடம் காலியானா மட்டும், எதை உள்ள விடணும்னு வேலை கேக்கற துறைகளே கூடிப் பேசி முடிவு பண்ணணும். கோட் எழுதற முறையை மாத்தலை, புது டூலும் வாங்கலை. பிறகு டெவலப்பர், டெஸ்டர் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாத்தி, ரெண்டு பேரைக் கூடச் சேர்த்தாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே வேகம் நல்லா ஏறியிருந்துச்சு. ஒன்பது மாசத்துல, 5 மாசம் ஆன வேலை சுமார் ரெண்டு வாரத்துல முடிய ஆரம்பிச்சுச்சு. 2005 நவம்பர்ல நிலுவையே இல்ல. இன்னைக்கு நம்ம ஆபீஸ்கள்ல கான்பான் போர்டுன்னு நாம தள்ளிக்கிட்டிருக்கற அட்டைகளுக்கு இந்த டீமும் ஒரு தொடக்கப் புள்ளி. பல இடங்கள்ல போர்டை எடுத்துக்கிட்டாங்க, வரம்பை மட்டும் விட்டுட்டாங்க.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது என்னன்னா, ரெட்மண்ட்ல இருந்து பாத்தவங்களுக்கு ஹைதராபாத்ல இருந்த அந்த ஆறு பேரும் "ஸ்லோ". அதே டீம்தான் கடைசியில வேகமான டீம்.

மெல்போர்ன் தங்கச்சிக்கு நான் போன் பண்ணினேன். நோட்டிஃபிகேஷனை அணைச்சு வைங்க, காலையில ஒரு மணி நேரம் தனியா உக்காருங்கன்னு சொல்ற வழக்கமான யோசனைகளை அவங்க ஏற்கனவே செஞ்சு பாத்துட்டாங்க. மூணு மேனேஜர் இருக்கும்போது அது எவ்வளவு தூரம் உதவும்? இன்னொரு சிக்கலும் இருக்கு. "கொடுக்கற வேலையை இல்லன்னு சொல்லாதே"ன்னு கேட்டே வளந்தவங்க நாம. நம்ம அப்பா அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதுசுல அப்படித்தான் நிலைச்சாங்க, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால இல்லன்னு சொல்லச் சொல்லலை. ஒரு கேள்வியை மட்டும் கேக்கச் சொன்னேன்: "இதை இன்னைக்கே எடுத்துக்கறேன். கையில இருக்கற இந்த ரெண்டுல எதைக் கீழ வைக்கட்டும்?" முடிஞ்சா மூணு மேனேஜரையும் ஒரே சாட்ல வெச்சு எழுத்துல கேளுங்கன்னேன். வரிசையை முடிவு பண்றது அவங்க பொறுப்பு. இப்போ அந்தப் பொறுப்பை 24 வயசுல இருக்கற ஒருத்தங்க யாருக்கும் தெரியாம ராத்திரியில சுமந்துக்கிட்டிருக்காங்க.

ரெண்டாவதா, டீம் போர்டுல தொடங்கி முடியாம இருக்கறதை எண்ணச் சொன்னேன். அஞ்சு பேருக்கு 17. அதுல ஆறு, ஒரே டெஸ்டருக்காகக் காத்திருக்கு. அதை ஸ்டாண்ட்-அப்ல சொல்லியிருக்காங்க. மேனேஜருக்கு முதல்ல பிடிக்கலை, "எல்லாமே முக்கியம்தான்"னாராம். ஆனா அந்த டெஸ்டர் எண்ணிக்கையைப் பாத்துட்டு, "அப்போ புதுசா எழுதாம இந்த ஆறையும் முடிக்க யாராவது எனக்கு உதவுங்க"ன்னு கேட்டிருக்கார். போன வாரம் ரெண்டு பேர் கோட் எழுதறதை நிறுத்திட்டு டெஸ்ட் பண்ண உக்காந்தாங்களாம். வெள்ளிக்கிழமை 17, 12 ஆயிடுச்சு. மூணு ப்ராஜெக்ட் இன்னும் மூணாத்தான் இருக்கு.

நீங்களும் திங்கட்கிழமை உங்க போர்டை எண்ணிப் பாருங்க. டீம்ல எத்தனை பேர், தொடங்கி முடியாதது எத்தனை, அதுல எத்தனை இன்னொருத்தருக்காகக் காத்திருக்கு. மூணு எண்ணையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, கம்பெனி பேரைச் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோட்ல ஒரு மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வெச்சு இதையெல்லாம் கேக்கப் போறேன்.