தரையிலே வார்த்து மேலே தூக்கும் மாடிகள்

மாடிக் கட்டடம் எழும்பும் இடத்தைக் கண்டோர் அறிவர். ஒவ்வொரு மாடிக்கும் முதலில் முட்டுக்கால்கள் காடுபோல் நிற்கும். அவற்றின்மேல் பலகை அடைப்பு, அதன்மேல் கம்பி, பிறகே காங்கிரீட். அது இறுகியபின் பலகைகளைப் பிரித்து, அடுத்த மாடிக்கு மீண்டும் அடைக்க வேண்டும். மரமும் கூலியும் நாளும் இதில் பெரிதும் செலவாகின்றன.

இச்செலவைக் குறைக்க அமெரிக்காவில் பிலிப் யூட்ஸ், டாம் ஸ்லிக் என்னும் இருவர் 1940களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டனர். மாடித் தளங்களைத் தரையிலேயே வார்த்து, பின்னர் மேலே தூக்கி நிறுத்துவதே அவ்வழி. டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரிலுள்ள டிரினிட்டி பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் சில 1950களில் இவ்வாறு எழுந்தவையே.

முதலில் இரும்புத் தூண்களை நிறுத்தி, தரைத்தளத்தை வழவழப்பாக வார்க்கின்றனர். அதன்மேல் ஒட்டாதிருக்க மெழுகு போன்றதொரு பூச்சைப் பூசி, அடுத்த தளத்தை அதன் மீதே வார்க்கின்றனர். அடுக்கி வைத்த ரப்பர் ஷீட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஷீட்டு ஒட்டிக்கொண்டால் பிய்த்துவிடலாம், இங்கே ஒட்டினால் வேலையே கெட்டது! கீழ்த்தளமே மேல்தளத்துக்குப் பலகையாகிவிடுவதால், ஓரங்களுக்கு மட்டும் சட்டம் அடித்தால் போதும்.

தூண்களின் உச்சியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கிகள் பொருத்தப்படும். லாரியைத் தூக்கும் ஜாக்கி கீழிருந்து தள்ளும். இதுவோ நீண்ட இரும்புத் தண்டுகளால் தளத்தை மேலிருந்து இழுக்கும். தளம் மணிக்குச் சில அடியே ஏறும். உரிய உயரம் சேர்ந்ததும், தூணைச் சுற்றித் தளத்தில் பதித்த இரும்பு வளையத்தின்கீழ் ஆப்புகளைச் செருகிப் பற்றவைக்கின்றனர்.

சுமையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள தளம் ஏறக்குறைய 96 டன் எடை இருக்கும். தூண்கள் 12 எனில், சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 8 டன். ஒரு ஜாக்கி பின்தங்கினால் அதன் பங்கும் பக்கத்துத் தூண்களைச் சேரும். பற்றவைத்து முடியும்வரை தளம் கெட்டியாய் நிற்பதாக எண்ணிவிடலாகாது.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் இம்முறையில் எழுந்துகொண்டிருந்த 16 மாடிக் கட்டடம், 1987 ஏப்ரல் 23ஆம் நாள் சில விநாடிகளில் சரிந்தது. தொழிலாளர் 28 பேர் மாண்டனர். தூக்கும் அமைப்பில் ஓரிடத்து இரும்பு வளைந்து பிடி நழுவியிருக்கலாம் என்று அரசு ஆய்வாளர் கூறினர். வேறு காரணம் கூறிய பொறியாளரும் உண்டு. செலவுக் கணக்கை மட்டும் பார்த்தோர் இம்முறையைப் புகழ்ந்தனர். கட்டடத்துக்குள் நின்றவர்களின் கணக்கையும் சேர்த்தே பார்த்திருக்க வேண்டும் என்போம் நாம்.

அதன்பின் 1990இல் அமெரிக்க அரசு விதிகளைக் கடுமையாக்கியது. தளம் ஏறும்போது அதன் தாங்குமிடங்கள் யாவும் மட்டத்திலிருந்து அரை அங்குலத்துக்குமேல் மாறலாகாது. கட்டடம் போதிய அளவு உறுதிப்படுத்தப்பட்டிருந்தாலன்றி, ஜாக்கி வேலைக்கு இன்றியமையாதோர் தவிர எவரும் உள்ளே இருத்தலும் கூடாது.

கட்டட வேலைக்குப் பட்டணம் சென்ற பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலருக்கு உண்டு. உடனடி ஆபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிடில், அவ்விடம் விட்டு விலகலாம். மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் இவ்வுரிமையைத் தருகிறது. அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வரும்போது இதனை அவனிடம் சொல்லி வையுங்கள்.